பித்தப்பை எடுத்த 74 வயது அத்தைக்கு என்ன சாப்பாடு கொடுக்கலாம்? கஞ்சியோடு நிறுத்தச் சொல்கிறார்கள்

அம்மாபேட்டை மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். என் மாமியாருக்கு 74 வயது. நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் தனியாக இருக்கிறார். சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகு வரை வலிக்கும். வாயு என்று சொல்லி ஓமக் கசாயத்திலேயே நாளை ஓட்டிவிட்டார். ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பை நிறைய கல், பை வீங்கியும் இருக்கிறது என்று வந்தது. சேலத்தில் வைத்து லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, பையை எடுத்துவிட்டார்கள். இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாப்பாட்டில்தான் சிக்கல். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘கொழுப்பு குறைந்த உணவு’ என்று ஒரே ஒரு வரி. மீதியை எல்லாம் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எழுதுகிறார்கள். முட்டை கூடாதாம், பருப்பு வாயுவாம், பால் சளியாம், தயிர் சாப்பிட்டால் தையல் சீழ் பிடிக்குமாம், எண்ணெய் ஒரு சொட்டும் ஆகாதாம். மிச்சம் இருப்பது ஜவ்வரிசிக் கஞ்சியும் ரசம் சாதமும். அதையும் பாதியில் தள்ளி வைத்துவிடுகிறார். முன்பே ஒல்லியான உடம்பு. இப்போது கை வளையலைத் தள்ளினால் முழங்கை வரை ஏறுகிறது. நாற்காலியில் இருந்து எழ என் தோளைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சர்க்கரைக்கும் மாத்திரை எடுக்கிறார்.

நேற்று ஆடி 1. வாசலில் தேங்காய் சுட்டோம். வெல்லமும் பாசிப்பருப்பும் எள்ளும் வெந்த வாசனை வந்ததும் அத்தை மெல்ல எழுந்து வந்து ஒரு துண்டு கேட்டார். சுற்றி இருந்தவர்கள் ஒரே குரலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு மனசே ஆறவில்லை. உண்மையில் எது ஆகாது, எத்தனை நாள் ஆகாது, மலைக்கு எப்போது கூட்டிப் போகலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்

அம்மா, அறுவை சிகிச்சை வார்டில்தான் என் வேலைக்காலம் பெரும்பாலும் போனது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. பித்தப்பை பித்தநீரைச் சுரப்பதில்லை. சுரப்பது ஈரல். ஒரு நாளைக்கு அரை லிட்டரில் இருந்து ஒரு லிட்டர் வரை சுரக்கிறது. பித்தப்பை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி மாதிரி, கொஞ்சம் பிடித்து வைத்து, எண்ணெய்ச் சாப்பாடு குடலுக்கு வந்ததும் ஒரேயடியாகத் திறந்துவிடும். பை போன பிறகும் பித்தநீர் வருகிறது, சொட்டுச் சொட்டாக நாள் முழுக்க வருகிறது. ஆகவே கொழுப்பு செரிக்காமல் போய்விடாது. ஒரே வேளையில் அதிகமாக வந்தால்தான் திணறும். அத்தைக்கு எண்ணெயை நிறுத்த வேண்டியதில்லை, பிரித்துக் கொடுக்க வேண்டும். தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய் போட்டால் அதில் சுமார் 5 கிராம் கொழுப்பு. ஒரு வேளைக்கு அந்த அளவில் தொடங்கி, வயிறு ஏற்றுக்கொள்வதைப் பார்த்து மெதுவாகக் கூட்டலாம்.

முதல் இரண்டு மூன்று நாள் கஞ்சி, இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம் என்று இருப்பது சரிதான். அதன் பிறகும் கஞ்சியிலேயே வைத்திருப்பதுதான் வயதானவர்களுக்கு ஆபத்து. 40 வயதுக்காரர் ஒரு மாதம் பத்தியம் இருந்து இளைத்தால் மறு மாதம் தேறிவிடுவார். 74 வயதில் படுத்துக்கொண்டு பட்டினியாகவும் இருந்தால் தொடைச் சதை கண்ணெதிரே கரையும், திரும்பி வருவது கஷ்டம். நாற்காலியில் இருந்து எழத் தோளைப் பிடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த வரிதான் கவலை. இப்படி ஆனவர்கள் பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து அதே வார்டுக்குத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தயிரால் சீழ் பிடிக்காது. காயத்தில் கிருமி போனால்தான் பிடிக்கும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதையும் தையல் மேல் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

சர்க்கரை மாத்திரை என்ன பெயர்? இதை இன்றைக்கே பாருங்கள். கிளிமிப்ரைடு மாதிரி மாத்திரையை வழக்கம் போலப் போட்டுவிட்டு அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், உளறல், மயக்கம் வந்தால் அதுவாக இருக்கலாம். சாப்பாடு குறைந்திருக்கிறது, அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் போனில் கேளுங்கள்.


கன்னங்குறிச்சி பெரியவர்

சிஸ்டர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பத்தியத்தை இப்படி ஒதுக்கிவிட முடியாது. என் வீட்டில் அவளுக்கு இதே ஆபரேஷன் ஆனபோது ஒரு மண்டலம் பத்தியம் காத்தோம். புளி, காரம், எண்ணெய், கறி எதுவும் இல்லை. ஒரு நாள் கூட வயிறு தொந்தரவு செய்யவில்லை. குடல் ஓய்வு கேட்கும்போது பருப்பையும் முட்டையையும் திணிப்பது நியாயமா? பெரியவர்கள் காரணம் இல்லாமல் வைத்ததா பத்தியம்?


ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்

ஐயா, வணக்கம். காரமும் பொரியலும் கொஞ்ச நாள் வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். பத்தியத்தில் எதை நீக்குகிறோம் என்று பார்க்கிற அளவுக்கு, நீக்கிய இடத்தில் எதை வைக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டம்மா அந்த மண்டலத்தில் பாசிப்பருப்பு, மோர், கீரை ஏதாவது சாப்பிட்டிருப்பார். இந்த அம்மா வீட்டில் அது எல்லாமே வெட்டுப்பட்டிருக்கிறது. தோல், தசை, குடல் எல்லாம் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். அது சாப்பாட்டில் வராவிட்டால் உடம்பு தன் சொந்தத் தசையில் இருந்துதான் எடுத்துக்கொள்ளும்.


உணவியல் படித்தவள்

அளவு தெரிந்தால் சண்டை குறையும் என்பதால் எழுதுகிறேன், நான் மருத்துவமனை உணவியல் பிரிவில் வேலை செய்கிறேன்.

வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் தேவை. ஆபரேஷன் முடிந்து தேறுகிற நாட்களில் 1.5 கிராம் வரை கூடப் போகலாம். அத்தை 45 கிலோ இருப்பார் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 50 கிராமாவது வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது ஜவ்வரிசிக்கு வருகிறேன். நம் ஊர்ப் பொருள், சேகோ ஆலைகளை நம்பித்தான் எத்தனையோ குடும்பம் இருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கும் மனசு வராது. ஆனால் மரவள்ளிக்கிழங்கை அரைத்து மாவுச்சத்தை மட்டும் பிரித்து எடுப்பதுதான் ஜவ்வரிசி. 100 கிராமில் அரை கிராம் புரதம் கூட இருக்காது. எளிதில் செரிக்கும், உடனே தெம்பு வரும். ஆனால் சர்க்கரை உள்ளவருக்கு அந்தத் தெம்பு ரத்தச் சர்க்கரையாக வேகமாக ஏறும், காயம் ஆறுவதும் தள்ளிப் போகும். நோயாளிக்கு ஜவ்வரிசி என்று சேலத்தில் எல்லா வீட்டிலும் பழக்கம். அதை மோர் ஊற்றிக் கொடுத்தால் கொஞ்சம் மேல், பாசிப்பருப்புக் கஞ்சிக்கு மாற்றினால் இன்னும் மேல்.

50 கிராமை எப்படிச் சேர்ப்பது? ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கைப்பிடி பருப்பு, அதாவது வேகும் முன் 30 கிராம், அதில் 7 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6. ஒரு கிண்ணம் தயிரில் 5 வரும். மேட்டூர் மீன் வாங்கினால், ஜிலேபியோ ரோகுவோ, 100 கிராம் துண்டில் 18க்குக் குறையாது, கொழுப்பும் கம்மி. வறுக்காமல் மஞ்சள், மிளகு போட்டுக் குழம்பாக வையுங்கள். முள் எடுத்துப் பிசைந்து கொடுத்தால் பல் செட் இல்லாதவர்களும் சாப்பிடலாம். இட்லி மாவில் உளுந்து இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள். சாம்பார்ப் பருப்பு வாயு என்றால் பாசிப்பருப்பை நன்றாகக் குழைய வேகவைத்து, பெருங்காயம் போட்டு, கூட சுரைக்காயோ பீர்க்கங்காயோ சேருங்கள்.

பால் விஷயத்தில் பாக்கெட்டைப் பாருங்கள். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு, நீலத்தில் 3 சதவீதம். பச்சை இரண்டுக்கும் நடுவில், 4.5. முதல் சில வாரம் நீலம் வாங்கினால் தயிரும் அதிலேயே தோய்க்கலாம்.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்து ஆறாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வேளையிலும் பருப்போ முட்டையோ தயிரோ மீனோ ஏதாவது ஒன்று இருக்கட்டும். பசிக்கவில்லை என்றால் சாதத்துக்கு முன் முட்டையைக் கொடுத்துவிடுங்கள், சாதம் மீந்தால் பரவாயில்லை.

அப்புறம் அந்தத் தேங்காய். பச்சைத் தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. விரல் அளவுத் துண்டு 15 கிராம் என்றால் 5 கிராம் கொழுப்பு, ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்குச் சமம். உள்ளே வெல்லம் இருப்பதால் சர்க்கரையைப் பார்த்து, அந்த வேளைக்கு வேறு எண்ணெய் இல்லாமல், ஒரு சிறு துண்டு தாராளமாகக் கொடுத்திருக்கலாம். ஆடி 18 வருகிறது, அன்றைக்குக் கொடுங்கள்.


ஜாகீர் அம்மாபாளையம்

எனக்கு 71 வயது, இந்த ஆபரேஷன் ஆகி நன்றாக இருக்கிறேன். டாக்டர்கள் சொல்லாமல் விடுகிற விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் வலது தோள்பட்டையில் கத்தி குத்துகிற மாதிரி வலி. வயிற்றில் ஆபரேஷன் செய்துவிட்டுத் தோளில் ஏன் வலிக்கிறது என்று மனைவி பயந்துவிட்டாள். மாரடைப்போ என்று ஈசிஜி எடுத்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை. துளை போடும்போது வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஏற்றி உப்ப வைக்கிறார்கள். அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானத்தை உறுத்தினால் அதன் நரம்பு வழியாகத் தோளில் வலி தெரியுமாம். மெதுவாக நடக்க நடக்க இரண்டு மூன்று நாளில் போய்விட்டது.

நடை முக்கியம். நான் முதலில் வீட்டு வராந்தா, அப்புறம் தெருமுனை, அப்புறம் மூக்கனேரிக் கரை என்று தூரத்தைக் கூட்டினேன். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமுங்கள், தையல் இழுக்காது. குடம் தூக்கவே கூடாது. தொப்புள் துளை வழியாகக் குடல் இறக்கம் வரும் என்று பயமுறுத்தியே அனுப்பினார்கள், 5 கிலோவுக்கு மேல் ஆறு வாரம் தொடவில்லை.

தட்டுவடை செட் மட்டும் ரொம்ப ஏக்கமாக இருந்தது. சாயங்காலம் ஐந்து ரோடு பக்கம் போனால் கடைக்குக் கடை பீட்ரூட், கேரட் துருவி வைத்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டு மாதம் கழித்துப் பாதி செட் சாப்பிட்டேன், ஒன்றும் செய்யவில்லை. கொஞ்ச நாளில் பெரிய பரோட்டாவும் சால்னாவும் முயற்சி செய்தபோதுதான் வயிறு கலங்கியது. எனக்குப் பொரித்தது கொஞ்சம் ஒத்துக்கொள்கிறது, மிதக்கிற எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கு ஆள் மாறும். புதிதாக எதையும் பகலில், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்போதுதான் தெரியும்.


சூரமங்கலம் மகன்

இழையைப் படித்துக்கொண்டே ஒரு சந்தேகம். அப்பாவுக்கு 68. பித்தப்பை எடுத்து மூன்றாவது வாரம். நேற்றில் இருந்து சிறுநீர் டீ டிகாஷன் மாதிரி போகிறது. கண் லேசாக மஞ்சளாக இருப்பதாக அம்மா சொல்கிறார். உடம்பெல்லாம் அரிப்பு. தண்ணீர் குறைவாகக் குடிக்கிறார், அதனால் இருக்குமா? கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.


ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்

தம்பி, கீழாநெல்லிக்குக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே ஆபரேஷன் செய்த இடத்துக்கோ, முடியாவிட்டால் எந்த அவசரப் பிரிவுக்கோ கூட்டிப் போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவிலும் பார்ப்பார்கள். பையை எடுத்தாலும் பித்தக் குழாயில் ஒரு கல் தங்கியிருக்கலாம், அல்லது குழாயில் வேறு அடைப்போ காயமோ இருக்கலாம். கண் மஞ்சள், சிறுநீர் கருமை, மலம் வெளுத்துச் சுண்ணாம்பு நிறமாகப் போவது, உடம்பு அரிப்பு, இவை எல்லாம் பித்தநீர் வழி அடைபட்டதற்கு அடையாளம். கூடவே குளிர் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது. வயதானவர்களுக்குக் கிருமி ரத்தத்தில் பரவினாலும் காய்ச்சல் பெரிதாகக் காட்டாது. சாப்பிட மறுப்பது, சோர்ந்து கிடப்பது, திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, இதுதான் காட்டும். போய்விட்டு எழுதுங்கள்.


காபித் தோட்டம்

நாகலூர் எங்களுக்குப் பக்கம்தான், அதனால் மலை விஷயத்தை நான் சொல்கிறேன். அடிவாரத்தில் இருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. நல்ல உடம்புக்காரர்களுக்கே குமட்டும். வாந்தி எடுத்தால் தையல் உள்ள வயிறு என்ன பாடு படும் என்று யோசியுங்கள். உயரம் 1,500 மீட்டர் என்பதால் ஆபரேஷன் வாயு திரும்பவும் உப்பும் என்று யாரோ எங்களிடமும் சொன்னார்கள். அந்த வாயு சில நாளிலேயே உடம்பில் கரைந்துவிடும் என்று எங்கள் டாக்டர் விளக்கினார். உண்மையான கவலை தூரம்தான். இராத்திரி காய்ச்சல் வந்தால் மூடுபனியில் சேலத்துக்கு இறங்க வேண்டும். முதல் பரிசோதனை முடிந்து டாக்டர் சரி என்று சொல்லும் வரை கீழேயே வைத்திருங்கள். போகும்போது பஸ் வேண்டாம். காரில் முன் சீட், காலை நேரம், லேசான இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பினால் போதும். சீட் பெல்ட் தையலில் உறுத்தினால் நடுவில் மடித்த துண்டு வைக்கலாம். பெல்ட்டைக் கழற்ற வேண்டாம்.

மேலே போனதும் அவர் சும்மா இருக்க மாட்டார். எங்கள் ஊர்ப் பெண்கள் மிளகுக் கொடியைப் பார்த்தால் கூடையை எடுத்துவிடுவார்கள். விறகு, தண்ணீர், கூடை மூன்றுக்கும் யாரையாவது ஏற்பாடு செய்துவிட்டு அனுப்புங்கள்.


அம்மாபேட்டை மருமகள்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சிஸ்டர் அக்கா சொன்ன மாதிரி போன் செய்தேன். மாத்திரை கிளிமிப்ரைடும் மெட்ஃபார்மினும் கலந்தது. டாக்டர் அளவைக் குறைத்து, வீட்டில் குளூக்கோமீட்டரில் பார்க்கச் சொன்னார். பாசிப்பருப்புக் கஞ்சி, வெள்ளையோடு மஞ்சள் கருவும் சேர்த்து ஒரு முட்டை, மோர் என்று தொடங்கியிருக்கிறோம். அத்தை நேற்று தானாகவே எழுந்து வாசல் வரை வந்தார்.

இன்னொரு கேள்வி. சாப்பிட்டதும் வயிறு கலக்கி இரண்டு மூன்று தடவை போகிறார். பருப்பினால்தான் என்று இப்போது எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.


உணவியல் படித்தவள்

பருப்பின் மேல் பழி போட வேண்டாம். பிடித்து வைக்கப் பை இல்லாததால் பித்தநீர் பெருங்குடல் வரை கூடுதலாகப் போகும், அங்கே தண்ணீரை இழுத்துப் பேதியாக்கும். பலருக்குச் சில வாரத்தில் தானாக அடங்கும். எண்ணெய் குறைவாக, அளவு குறைவாக, அடிக்கடி கொடுங்கள். கரையும் நார் உள்ளதைச் சேருங்கள். ஓட்ஸ் கஞ்சி, பாதி வாழைப்பழம், நன்கு வெந்த கேரட், ஆடிக் கூழ் கூட நல்லது. ஸ்ட்ராங் காபியைக் கொஞ்ச நாள் குறையுங்கள், அது குடலை விரட்டும். ஏற்காட்டுக்காரருக்கு இது கஷ்டம்தான், பாதி டிகாஷனில் கொடுத்துப் பாருங்கள். மெட்ஃபார்மினும் பேதி ஆக்கக் கூடிய மாத்திரை, அதையும் டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள். குறையாவிட்டால் பித்தநீரில் உள்ள உப்பைப் பிடித்துக்கொள்கிற கொலஸ்டிரமின் என்ற பவுடர் இருக்கிறது, மற்ற மாத்திரைகளின் வேலையையும் அது தடுக்கும் என்பதால் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது.

வயிறு போகிற ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கொடுங்கள். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. உப்புப் போட்ட மோர், நீர்த்த ரசம், இரண்டும் நல்லது. இதயம் அல்லது சிறுநீரகத்துக்காக யாராவது தண்ணீர் அளவு குறித்துக் கொடுத்திருந்தால் அந்த அளவுக்குள். ராத்திரி தூக்கத்தில் இருந்து எழுப்புகிற பேதி, ரத்தம், காய்ச்சல் என்றால் மருத்துவமனைதான்.


கன்னங்குறிச்சி பெரியவர்

படித்தேன். முட்டையில் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை, எங்கள் வீட்டில் பழக்கமும் இல்லை. பாசிப்பருப்பும் மோரும் எங்கள் பத்தியத்தில் இருந்தது உண்மைதான், சிஸ்டர் சரியாகக் கேட்டார். முருங்கைக்கீரைச் சாறு தினமும் கொடுத்தோம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் அம்மா.


சூரமங்கலம் மகன்

அன்று இரவே சேர்த்துவிட்டோம். பித்தக் குழாயில் கல் ஒன்று தங்கியிருந்ததாம். வாய் வழியாகக் குழாய் விட்டு, இஆர்சிபி என்று செய்து, எடுத்துவிட்டார்கள். சிறுநீர் வெளுக்கத் தொடங்கிவிட்டது. அம்மா கண்ணைப் பார்த்துச் சொன்னது நல்லதாகப் போயிற்று. சிஸ்டருக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் நன்றி சொல்லச் சொன்னார்கள்.


ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்

நல்ல சேதி, தம்பி. குழாயில் கல் சிக்கினால் கணையமும் வீங்கலாம், அது இல்லாமல் தப்பித்தாரே, அதுவே பெரிசு.

அம்மாபேட்டை அம்மாவுக்கு: அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது எடை பாருங்கள், போன தடவை எடையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம், பரிசோதனை நாள் வரை காத்திருக்க வேண்டாம். ரத்தம் உறையாத மாத்திரை ஏதாவது ஆபரேஷனுக்காக நிறுத்தியிருந்தால் எப்போது திரும்பத் தொடங்குவது என்று கேளுங்கள். முக்கியமாக, எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த பயாப்சி ரிப்போர்ட்டைப் பாதிப் பேர் வாங்குவதே இல்லை. பெரும்பாலும் நாள்பட்ட அழற்சி என்றுதான் வரும். அரிதாகப் புற்றுநோய் அதில்தான் முதலில் தெரியும், அப்போது மேற்கொண்டு சிகிச்சை வேண்டும். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, டாக்டரிடம் காட்டி, ஃபைலில் வையுங்கள்.


அம்மாபேட்டை மருமகள்

இன்று போய் வந்தோம் அக்கா. ரிப்போர்ட் வாங்கிவிட்டோம், நாள்பட்ட அழற்சி மட்டும்தான். எடை இறங்குவது நின்றிருக்கிறது. இன்னும் இரண்டு வாரம் கழித்து மலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அதற்குள் தண்ணீர் தூக்க ஒரு பெண்ணைப் பேசி வைக்க வேண்டும். காபித் தோட்டம் அண்ணா, நாகலூரில் யாராவது தெரிந்தவர் இருந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள்.